பத்து ஆம்ஸ் சிவப்பு

என் கடை மேசையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது முழுக்கப் போன ஃபியூஸ். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பார்க்க மிட்டாய் மாதிரி இருப்பதால், வண்டியில் வருகிற சின்னப் பிள்ளைகள் அதைக் கண்டதும் கையை நீட்டுவார்கள். ஒவ்வொரு ஃபியூஸிலும் துண்டு டேப் ஒட்டி, என்ன வண்டி, எந்த லைன், எதனால் போனது என்று எழுதி வைத்திருக்கிறேன். கடையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் வாரம் ஸ்குரூ டிரைவர் கிடையாது. பாட்டிலைக் கையில் கொடுத்து, "ஒண்ணொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. டேப்புல இருக்கிறதைப் படிக்காம, எது எதனால செத்துச்சுன்னு சொல்லு" என்பேன்.

கொடைக்கானல் போகிற வண்டிகளுக்குச் சமவெளியின் கடைசிப் பெரிய ஊர் வத்தலக்குண்டு. இங்கே டீ குடித்து, டயருக்குக் காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், காட்ரோடு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். பிறகு ஏறத்தாழ 7,000 அடி உயரம் வரைக்கும் வளைவுதான். மலைப்பாதையில் ஒரு வண்டிக்குள்ள எல்லாக் கரண்ட் வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். பனிமூட்டத்துக்கு ஹெட்லைட் எரியும், தூறலுக்கு வைப்பர் ஓடும், வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கும், இறக்கத்தில் பிரேக் லைட் ஓயாது, ஏற்றத்தில் ரேடியேட்டர் ஃபேன் நிற்காது. ஊருக்குள் ஓடும்போது ஒளிந்திருந்த கோளாறெல்லாம் மலையில் வெளியே வரும். அதனால் எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியனிடம் வரும் ஆட்கள் பெரும்பாலும் வண்டியை விட்டு இறங்கும்போதே, "அண்ணே, ஃபியூஸ் போயிருச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

நான் 1989இல் தொழிலுக்கு வந்தேன். பத்தாவது முடித்த கையோடு மாமா கூட்டிவந்து மாஸ்டரிடம் விட்டார். தகரக் கொட்டகை, ஒரு பேட்டரி சார்ஜர், ஒரு சால்டரிங் அயர்ன், சுவரெல்லாம் ஒயர். அப்போது டாக்சி என்றால் அம்பாசடர். அதில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. இரண்டு முனையிலும் வெள்ளித் தொப்பி, நடுவே மயிரிழை போல ஒரு கம்பி. குழாய்க்குள் சின்னக் காகிதச் சீட்டில் 35 என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதுதான் மாஸ்டர் எனக்குச் சொன்ன முதல் பாடம். இங்கிலாந்து வழக்கத்தில் செய்த ஃபியூஸில் 35 என்றால், 35 ஆம்பியரில் போய்விடும் என்று பொருள். நாள் முழுக்கத் தாங்குவது 17 ஆம்பியர்தான். வேறு நாட்டு வழக்கத்தில் செய்த கண்ணாடி ஃபியூஸில் போட்டிருப்பது தாங்குகிற எண். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் ரகத்தின் இடத்தில் இரண்டாவதைப் போட்டால் ஒயருக்குக் காவல் பாதியாகக் குறைந்துவிடும். மாஸ்டர் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்திருந்தார். ஒரு டப்பா மூடியில் "போறது" என்றும், இன்னொன்றில் "தாங்குறது" என்றும் சாக்பீஸால் எழுதியிருப்பார்.

பத்மினி வந்தால் வேறு ரகம். வெள்ளைப் பீங்கான் தண்டு, அதன் வெளிப்பக்கமாக ஓடுகிற உலோகப் பட்டை, இரண்டு பக்கமும் கூம்பு முனை. லைட் எரியவில்லை என்று பத்மினி வந்தால், மாஸ்டர் ஃபியூஸைக் கழற்றவே மாட்டார். இருக்கிற இடத்திலேயே கட்டைவிரலால் உருட்டிவிடுவார். முனையில் படிந்த களிம்பு தேய்ந்து, லைட் பளிச்சென்று எரியும். அந்த ஒரு உருட்டலுக்கு அவர் காசு வாங்கியதில்லை.

தொண்ணூறுகளில் புது வண்டிகள் வரவர, பிளேடு ஃபியூஸ் எங்கள் கைக்கு வந்தது. அமெரிக்காவில் லிட்டில்ஃபியூஸ் கம்பெனி 1976இலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது என்பதைப் பின்னால்தான் படித்தேன். இரண்டு தட்டைக் கால், நடுவில் வளைந்த ஒரு பாலம், மேலே நிறப் பிளாஸ்டிக். நிறம்தான் இதில் பெரிய விஷயம். 5 ஆம்பியர் சந்தன நிறம், ஏழரை காவி, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாத வெள்ளை, 30 பச்சை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் இதே நிறம். மாஸ்டருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கும் எழுத்துக்களைப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தவருக்கு இந்த நிறங்கள் வந்தது எத்தனை நிம்மதி என்பதை நான் கிட்டே இருந்து பார்த்தேன்.

உள்ளே இருக்கும் அந்தப் பாலம் துத்தநாகக் கலவை. துத்தநாகம் 420 டிகிரிப் பக்கம் உருகிவிடும். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். ஒயர் மேல் போர்த்தியிருக்கும் பிவிசி நூறு டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவது எத்தனை பெரிய ஆபத்து என்பது விளங்கும். கம்பி உருகுவதற்குள் வண்டியின் ஒயரிங் முழுக்க இளகி ஊற்றிவிடும். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகியிருக்கிற வண்டிகளும் வந்திருக்கின்றன. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கும். ஏன் நடுங்கும் என்பதைச் சொல்கிறேன்.

1993, ஐப்பசி மாதம். பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் இறங்கும் வேன் ஒன்று எங்கள் வாடிக்கை. அந்த டிரைவரண்ணன் பனியில் வழி தெரியவில்லை என்று ஹெட்லைட்டுக்கு 100/90 பல்பு போட்டிருந்தார். கம்பெனி பல்பு 60/55. கணக்கு எளிமையானது. ஹை பீமில் 60 வாட் இரண்டு என்றால் 120 வாட், 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். நூறு வாட் இரண்டு என்றால் 200 வாட், கிட்டத்தட்ட 17 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் பதினாலைத் தொடும், இன்னும் கொஞ்சம் கூடும். அந்த வேனில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து ஒரே 15 ஆம்பியர் நீல ஃபியூஸ்.

இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியிருக்கிற எண்ணைத் தாண்டிய நொடியிலேயே ஃபியூஸ் போய்விடாது. பிளேடு ஃபியூஸ் தன் எண்ணைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஓடினால் 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது அதைச் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 35 சதவீதம் கூடினால் பத்து நிமிடத்துக்குள் போக வேண்டும். இரண்டு மடங்கானால் ஐந்து விநாடிக்குள். அதனால் கொஞ்சம் கூடுதல் பாரம் இருக்கிற லைனில் ஃபியூஸ் மூன்று நாள் ஓடும், நாலாம் நாள் போகும். "மூணு நாளைக்கு ஒரு ஃபியூஸ் திங்குது தம்பி" என்று அந்த அண்ணன் வந்து நின்ற அன்று, மாஸ்டர் பெரியகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்கு வயது பத்தொன்பது. நாலு வருஷம் வேலை பார்த்தாயிற்று, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. நீலத்தைக் கழற்றிவிட்டுப் பச்சையைச் செருகினேன். முப்பது ஆம்ஸ். "இனிமே போகாதுண்ணே" என்றேன்.

போகவில்லை. நாலு ராத்திரி கழித்து, டம் டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே இறங்கிக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங் அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. முதலில் பிளாஸ்டிக் நாற்றம், பிறகு இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. வளைவில், முதுகுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகப் பூண்டு. கையிலிருந்த டார்ச்சை கிளீனர் பையன் கண்ணாடி வழியே அடிக்க, அந்த வெளிச்சத்தில் தடுப்புச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தியிருக்கிறார் அண்ணன். விடிந்ததும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டார்கள்.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஸ்டியரிங் அடியிலிருந்து ஒயரிங்கை ஒரு முழ நீளத்துக்கு வெட்டியெடுத்து மேசையில் போட்டார். சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஜவ்வு மிட்டாய் மாதிரிக் கிடந்தன. "பிரி" என்றார். பிளேடை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பிரித்தெடுக்க எனக்குப் பொழுது சாயும்வரை ஆயிற்று. பிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, முதலில் சூடேறியது லைட் சுவிட்சுக்குப் போகிற கப்ளர். அதன் பிளாஸ்டிக் இளகி, பக்கத்து ஒயர் இளகி, இரண்டும் தொட்டுக்கொண்ட பிறகும் பச்சை ஃபியூஸ் கரண்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மாஸ்டர் அதைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "உருகுறதுக்குன்னே அவன் ஒரு இடம் வச்சிருக்கான். அங்க உருக விடாம நீ தடுத்துட்ட. அது வேற இடம் தேடிக்கிருச்சு."

புது ஒயரிங்குக்கு அவரே பணம் போட்டார். என் வாரக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. அந்த டிரைவரண்ணன் அதற்கப்புறமும் எங்கள் கடைக்குத்தான் வந்தார். "தம்பிக்கு ஒரு டீ சொல்லுங்க" என்பார். வெகு நாளைக்கு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டிக்குக் கம்பெனி பல்பே போட்டு, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் தனியாக இழுத்து, அதற்கென்று தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்தோம். நேராகக் கரண்ட் போய்ச் சேர்ந்ததில் அந்த அறுபது வாட்டே முன்னைவிட நன்றாக எரிந்தது. பழைய லைனில் வழியிலேயே தேய்ந்துபோன வோல்டேஜைத்தான் அவர் பெரிய பல்பு போட்டு ஈடுகட்டப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பச்சை ஃபியூஸ் பாட்டிலில் இருக்கிறது. அது போன ஃபியூஸ் இல்லை. பாட்டிலில் நல்லதாக இருக்கிற ஒரே ஃபியூஸ் அதுதான்.

போன ஃபியூஸைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்றேன். நேர் ஷார்ட்டில் போனதென்றால், அதாவது பாசிட்டிவ் ஒயர் பாடியைத் தொட்டுவிட்டால், உள்ளே பாலம் வெடித்துச் சிதறியிருக்கும். பிளாஸ்டிக் ஜன்னலின் உட்பக்கம் கண்மை தீற்றினதுபோலக் கருப்பு, அதற்குள் வெள்ளிப் பொடி. இப்படி ஒன்றைக் கண்டால் அடுத்த ஃபியூஸைச் செருகுவதில் பயனில்லை, அதுவும் போகும். மெதுவாகப் பாரம் கூடிப் போனதென்றால் ஜன்னல் சுத்தமாக இருக்கும். பாலத்தின் நடுவில் மட்டும் சின்ன இடைவெளி, ஓரம் உருண்டு திரண்டிருக்கும். மோட்டார் இறுகியிருக்கலாம், யாரோ எதையோ கூடுதலாக அந்த லைனில் கோத்திருக்கலாம். மூன்றாவது ஒன்று உண்டு. பாலம் முழுசாக இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் ஒரு காலின் பக்கம் இளகிப் பழுப்பேறியிருக்கும். அதில் ஃபியூஸின் மேல் குற்றமில்லை. செருகுகிற இடத்தில் பிடிப்புத் தளர்ந்து, லூஸ் கனெக்‌ஷனில் சூடாகியிருக்கிறது. பெட்டியில் அந்தக் கவ்வியை மாற்ற வேண்டும்.

கண்ணுக்கே தெரியாமல் போகிற ஃபியூஸும் இருக்கிறது. வருஷக்கணக்கில் சூடாகிச் சூடாகி ஆறினதில் பாலத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் நன்றாயிருக்கிறது என்றுதான் தோன்றும். அதனால் கண்ணை நம்பாமல் டெஸ்ட் லேம்பை எடுக்கச் சொல்வேன். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் குண்டூசித் தலை அளவுக்கு உலோகம் தெரியும். அது இருப்பதே இதற்காகத்தான். கிளிப்பை பாடி எர்த்தில் கவ்வவிட்டு, சாவியைப் போட்டு, ஊசியால் இரண்டு புள்ளியையும் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாயிருக்கிறது. ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் போய்விட்டது. இரண்டிலுமே எரியாவிட்டால் கரண்ட் அதுவரைக்கும் வரவே இல்லை, மேலே தேட வேண்டும், அல்லது அந்த லைனின் சுவிட்சைப் போடாமல் தொட்டிருக்கிறோம். ஒரு ஃபியூஸையும் கழற்றாமல் ஒரு பெட்டி முழுக்கப் பார்த்து முடிக்க இரண்டு நிமிடம் போதும்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று டிரைவரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில், சின்ன மூடிக்குப் பின்னால். மற்றது பானெட்டைத் தூக்கினால் பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி. லைட், ஆரன், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் பெரும்பாலும் பானெட் பெட்டியிலும், வைப்பர், மியூசிக் சிஸ்டம், பவர் சாக்கெட் எல்லாம் உள்பெட்டியிலும் இருக்கும். மூடியின் உட்பக்கம் எது எதற்கு என்று வரைபடம் இருக்கும். சில வண்டிகளில் மாற்று ஃபியூஸும், பிடுங்குவதற்கு வெள்ளைப் பிளாஸ்டிக் இடுக்கியும் அங்கேயே செருகியிருப்பார்கள். பேட்டரி மாற்றும்போதோ வாட்டர் வாஷின்போதோ அந்த மூடி தொலைந்துபோகிறது. மூடி தொலைந்த வண்டிக்குப் படமும் போயிற்று, தண்ணீரும் உள்ளே இறங்கும்.

மாஸ்டர் இதற்காக நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு வண்டியாகப் பெட்டியின் படத்தைக் கட்டம் போட்டு வரைந்து, தமிழில் எழுதியிருப்பார். "இடமிருந்து நாலாவது ஆரன். அதுக்குக் கீழ ரூம் லைட்டும் பிரேக் லைட்டும். ஓரத்துல இருக்கிறத தொடாத." புது மாடல் ஒன்று முதல்முதலாகக் கடைக்கு வந்தால் அன்றைக்கு மற்ற வேலை நிற்கும். ஒவ்வொரு ஃபியூஸாக நான் கழற்ற, எது அணைகிறது என்று அவர் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்து எழுதுவார். இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. இப்போதைய வண்டிகளில் ஏர்பேக் லைன் இருக்கிறது, அதைச் சும்மா கழற்றி விளையாடக்கூடாது. கழற்றினாலே கம்ப்யூட்டர் பெட்டிகள் கோளாறு என்று குறித்து வைத்துக்கொள்ளும். பேட்டரியோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் பெரிய ஃபியூஸ்களை, நெகட்டிவைக் கழற்றாமல் தொடவே கூடாது. ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்று வருகிற வண்டிக்கும் நான் ஃபியூஸைப் பிடுங்குவதில்லை. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் அளப்பேன். கரண்ட் ஓடாத ஃபியூஸில் சுழி காட்டும். ஓடுகிறதில் துளி ஏதாவது காட்டும். திருட்டு அந்த லைனில் நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

சிவகாசியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மே மாதம், சீசன் நேரம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. டெய்ல் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் வெளிச்சம் எல்லாம் ஒன்றாக அணைந்துவிடுகிறது, புது ஃபியூஸ் போட்டால் கொஞ்ச தூரத்தில் மறுபடி போகிறது என்றார்கள். வழியில் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். போன ஃபியூஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "அதைத் தூக்கிப் போட்டாங்களே" என்றார் அந்த அப்பா. பாட்டி இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவிலிருந்து மூன்று சிவப்பு ஃபியூஸ் வெளியே வந்தது. "காசு குடுத்து வாங்குனது, எதுக்குப் போடணும்" என்றார்.

மூன்றிலும் ஒரே மாதிரிக் கருப்பும் வெள்ளிப் பொடியும். நேர் ஷார்ட். பாரமோ பல்போ காரணமில்லை, எங்கேயோ ஒயர் பாடியைத் தொடுகிறது. வழியில் ஆங்காங்கே போவதால், ஆடுகிற இடத்தில் தொடுகிறது. அந்த மூன்று ஃபியூஸ் எனக்கு அரைநாள் வேலையை மிச்சமாக்கிக் கொடுத்தது.

இனி நாலாவது ஃபியூஸைப் போட்டு எரிக்கக்கூடாது. இதற்கு மாஸ்டர் காலத்திலிருந்து ஒரு வழி இருக்கிறது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஓல்டரில் வைத்து, அதன் இரண்டு ஒயரையும் ஃபியூஸ் போகிற இரண்டு கவ்வியிலும் செருகிவிடுவோம். ஷார்ட் இருந்தாலும் அந்தப் பல்பு வழியாக இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது. ஒயர் சூடாகாது, எதுவும் எரியாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கும். ஷார்ட் விலகினால் மங்கும். அணையாது, மங்கும். டெய்ல் லைட்டுக்குப் போகிற நியாயமான கரண்டும் அதே பல்பு வழியாகத்தானே போக வேண்டும்? இந்த வித்தியாசம் புரியாத பையன்கள் மங்கலையும் ஷார்ட் என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவார்கள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. ஸ்டியரிங் அடியில் ஒயரிங்கை ஆட்டினேன், அப்படியே நின்றது. கால் வைக்கிற இடத்துப் பட்டியைக் கழற்றி அசைத்தேன். பின் சீட்டைத் தூக்கி அடியில் தடவினேன். மாற்றமில்லை. டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பல்பையும் பார்க்க முடியாது என்பதால், பாட்டியை முன் சீட்டில் உட்காரவைத்து, "இதையே பார்த்துக்கிட்டு இருங்கம்மா. வெளிச்சம் குறைஞ்சா சொல்லுங்க" என்று பல்பைக் கையில் கொடுத்திருந்தேன். குத்துவிளக்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வேலை பார்க்க இடம் வேண்டும் என்று, பெட்டிகளை இறக்கச் சொன்னேன். மகன் டிக்கியைத் திறந்தார். "தம்பி, மங்கிருச்சு!" என்று பாட்டி சத்தம் போட்டார். "மூடுங்க சார்" என்றேன். "பிரகாசமாயிருச்சு!" "திறங்க." "மங்கிருச்சு!" பிள்ளைகள் இரண்டும் குதித்தன.

டிக்கியின் கீல் பக்கத்தில், நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகிற ஒயர் ஒரு ஓட்டை வழியாக நுழைகிறது. அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் உண்டு. அது இடத்தை விட்டு நழுவி ஒயரின் மேலேயே ஒரு சாண் தள்ளிப்போய்க் கிடந்தது. தகர விளிம்பு திறந்து மூடத் திறந்து மூட ஒயரை அறுத்திருக்கிறது. நெல் நீளத்துக்கு ஒரு காயம், உள்ளே தாமிரம் மினுங்கியது. டிக்கி மூடினால் காயம் விளிம்பில் போய் உட்காரும். காலியாக இருந்தால் சும்மா தொட்டும் தொடாமலும் இருந்திருக்கும். பெட்டிகளை அடுக்கினதில் ஒயர் இறுகி, மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் அழுந்தித் தொட்டிருக்கிறது.

இந்த மாதிரி மடிந்து விரிகிற இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவது உதவாது, ஒரு மாதத்தில் பசை விட்டுவிடும். காயம்பட்ட துண்டை வெட்டியெறிந்துவிட்டு, அதே பருமனில் கூடுதலாக நாலு விரற்கடை ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டினேன். ஒட்டு மடிப்பில் வராதபடி உள்ளே தள்ளினேன். ரப்பர் வளையத்தை ஓட்டையில் அழுத்தி உட்காரவைத்தேன். இருபது முறை டிக்கியைத் திறந்து மூடச் சொன்னேன். பல்பு மங்கலாகவே நின்றது. பிறகுதான் பத்து ஆம்ஸ் சிவப்பைச் செருகினேன். பாட்டி மூன்று ஃபியூஸில் இரண்டைத் திரும்பச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றை என்னிடம் கொடுத்தார். "நீ வச்சுக்க. வேலைக்காகும்" என்றார். அதிலிருந்துதான் பாட்டில் தொடங்கியது.

பவர் சாக்கெட் ஃபியூஸ் பாட்டிலில் நிறைய இருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயம். கப் ஓல்டரில் சில்லறை போட்டுவைப்பார்கள், ஒன்று உருண்டு சாக்கெட்டுக்குள் விழும். ஒரு முறை, வேறு கோளாறுக்காக வந்த கார் ஒன்றில் ஸ்கேனரைச் செருகினால் ஸ்கேனருக்கே உயிர் வரவில்லை. உடன் வேலை பார்த்த தம்பி கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். பல கார்களில் ஸ்கேனர் செருகும் இடத்துக்கும் பவர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். காயினை இடுக்கியில் எடுத்துவிட்டு, பதினைந்து ஆம்ஸ் நீலத்தை மாற்றியதும் ஸ்கேனருக்கு உயிர் வந்தது.

விலை மலிவாக வருகிற ஃபியூஸ் பாக்கெட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறம் சரி, எண் சரி, உள்ளே இருக்கிற பாலம் மட்டும் எதுவோ. போக வேண்டிய நேரத்தில் போகாத ஃபியூஸுக்கும் நான் அன்று செருகிய பச்சைக்கும் வித்தியாசமில்லை. அதனால் எந்தப் பாக்கெட் வாங்கினாலும் அதில் ஒன்றைப் பலி கொடுத்துவிடுவேன். பழைய 55 வாட் பல்பு ஐந்தை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி வைத்திருக்கிறேன். ஐந்தும் சேர்ந்து எரிந்தால் 23 ஆம்பியர் போல இழுக்கும். அந்த லைனில் பத்து ஆம்ஸ் சிவப்பை வைத்துச் சுவிட்சைப் போட்டால், ஐந்து எண்ணுவதற்குள் அது போயாக வேண்டும். ஒரு பாக்கெட்டில் வாங்கியது இருபது எண்ணியும் போகவில்லை. பல்பு ஐந்தும் ஜொலிக்க, ஃபியூஸின் பிளாஸ்டிக் மட்டும் வளைந்து கவிழ்ந்தது. பாக்கெட்டோடு குப்பைக்குப் போயிற்று.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, பெருமாள்மலையிலிருந்து போன். முன்பு ஒரு தடவை கடைக்கு வந்த பையன், நம்பரை வைத்திருக்கிறான். "அண்ணே, கொட்டுது. வைப்பர் நின்னுபோச்சு. ஓரமா நிறுத்தியிருக்கேன். முன்னாடி ஒண்ணும் தெரியல." குரலில் பயம் இருந்தது.

சாவியை அணைக்கச் சொன்னேன். வைப்பர் சுவிட்சையும் அணைக்கச் சொன்னேன். முதலில் இறங்கிப்போய்க் கண்ணாடியின் அடியில், பானெட் ஓரத்தில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மரத்தடியில் ராத்திரி நிறுத்தியிருந்தானாம். ஊறிப்போன இலைக் குப்பை ஒரு கை நிறைய, நடுவில் ஒரு குச்சி, வைப்பர் கை அடியில் சிக்கியிருந்தது. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, வைப்பர் கை தடையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பிறகு முழங்காலுக்கு மேலே இருக்கிற மூடி. போன் வெளிச்சத்தில் படத்தைப் படித்தான். வைப்பர் 15, நீலம். மாற்று ஃபியூஸ் இல்லை. பவர் சாக்கெட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். அதுவும் 15, அதுவும் நீலம். "அதைப் பிடுங்கி இங்க போடுங்க தம்பி. போன் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். நேரா உள்ளே போற வரைக்கும் அழுத்துங்க."

சாவி போடுகிற சத்தம் கேட்டது. கூரையில் மழை அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து கர்ரக், கர்ரக் என்று வைப்பர் போய்வருகிற சத்தம் வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"போனதைத் தூக்கிப் போட்டுறாதீங்க" என்றேன். "இறங்கும்போது கடையில காட்டிட்டுப் போங்க."

எட்டு மணிக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றி எடுத்துக் கொடுத்தான். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஜன்னலில் கருப்பு இல்லை. பாலத்தின் நடுவே சின்ன இடைவெளி, இரண்டு ஓரமும் கடுகு போல உருண்டிருந்தன. மோட்டாரில் ஷார்ட் இல்லை, இலை இறுக்கியதுதான். புது நீலம் ஒன்றை எடுத்துப் பவர் சாக்கெட்டுக்குப் போட்டேன். பழையதில் டேப் ஒட்டி, "வைப்பர், இலை, பெருமாள்மலை" என்று எழுதினேன்.